வேற கிரகத்து ஹார்ப் செய்யணுமா? முதல்ல நரம்பு, அப்புறம்தான் படம்

கதைக்கோ காமிக்ஸுக்கோ, இல்ல காஸ்ப்ளேக்கு, அதாவது கதாபாத்திரம் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுக் கையில தூக்கிட்டுப் போறதுக்கோ, வேற கிரகத்து ஹார்ப் ஒண்ணு வேணும்னு நெனச்சவுடனே எல்லாரும் பண்ற முதல் வேலை என்னன்னா பேப்பர எடுத்து வளைவா, வழவழன்னு, நடுவுல நீலமா வெளிச்சம் வர்ற மாதிரி ஒரு உருவத்த வரையறது, வரைஞ்சிட்டு எங்க காலி இடம் இருக்கோ அங்கெல்லாம் கோடு கோடா கம்பிய இழுத்து விடறது. நானும் அதத்தான் பண்ணேன். அக்ரிலிக் ஷீட்ல அழகா வெட்டி வாங்கிட்டு வந்து, 12 நரம்பும் ஒரே நீளம், ஒண்ணு ஒண்ணா முறுக்கிட்டு வர்றேன், அஞ்சாவது நரம்பு முறுக்கும்போது பாத்தா முதல்ல சுருதி சேத்து வச்சது தொளதொளன்னு தொங்குது. சரின்னு அதத் திரும்ப இறுக்கினேன், இப்ப அஞ்சாவது தொங்குது. நரம்பு கட்டியிருக்கற மேல் கட்டை, அதாவது கழுத்து, வளையுதுன்னு அப்பவே புரிஞ்சிருக்கணும், புரியல. எட்டாவது நரம்புல டப்புனு ஒரு சத்தம், கழுத்து ரெண்டா போயி ஒரு துண்டு பீரோவுக்கு அடியில கெடந்துச்சு, அத மறுநாள்தான் கண்டுபுடிச்சேன்.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கற ஒரே ரூல், நரம்பு சொல்ற உருவத்தத்தான் வரையணும், நாம வரைஞ்ச உருவத்துக்குள்ள நரம்பத் திணிக்கக் கூடாது. நிஜமா செஞ்சாலும் சரி, கதையில மட்டும் வந்தாலும் சரி, இது ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஏன்னா படிக்கறவங்கள்ல ஒருத்தராவது வீணையோ கிடாரோ வாசிக்கறவங்க இருப்பாங்க, அவங்க கண்ணுக்கு அந்த ஓட்டை முதல்ல தெரிஞ்சிடும்.

முதல்ல எந்தக் குடும்பம்னு முடிவு பண்ணிக்கோங்க. ஹார்ப்னா நரம்புங்க எல்லாம் ஒலிப் பலகையிலேர்ந்து நேரா எழும்பி மேல கழுத்துக்குப் போகும், பலகை மேல படுக்காது. லைர்னா ரெண்டு கை தூக்கின மாதிரி ரெண்டு கொம்பு, குறுக்கால ஒரு கட்டை, அதுலேர்ந்து நரம்பு கீழ வந்து பலகைக்கு இணையா குதிரைங்கற சின்னக் கட்டை மேல ஏறி இறங்கும். ஈராக்ல ‘ஊர்’ங்கற பழைய நகரத்துக் கல்லறைங்கள்ல லியோனார்ட் வூலி தோண்டி எடுத்தாரே, காளைத் தலை வச்சது, சுமார் 4500 வருஷம் பழசு, அது லைர். ஸிதர்னா கழுத்தே கிடையாது, பெட்டி மேல நரம்பு அப்படியே படுத்திருக்கும், நம்ம சந்தூர் மாதிரி. லூட்னா கழுத்து நீட்டிட்டு இருக்கும், அதுல விரல வச்சு அழுத்தி ஸ்வரம் மாத்தலாம். இந்த விஷயத்துல பெரிய ஆளுங்களே குழப்பித்தான் வச்சிருக்காங்க, 1966ல வந்த ஸ்டார் ட்ரெக் தொடர்ல ஸ்பாக்ங்கற வல்கன் இனத்து ஆளு மடியில வச்சு மீட்டறத ஒருத்தர் வல்கன் ஹார்ப்ங்கறார், இன்னொருத்தர் லைர்ங்கறார், இன்னொருத்தர் லூட்ங்கறார். டியூன் நாவல்ல வர்ற பாலிசெட் 9 கம்பி வச்ச ஸிதர் வகை, ஆனா 1984ல படம் எடுத்தப்ப சாப்மன் ஸ்டிக்ங்கற நிஜ வாத்தியத்துக்கு வேஷம் போட்டு அதயே பாலிசெட்னு கையில குடுத்துட்டாங்க. எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது, நடிக்கறவர் கை நிஜமான நரம்பு மேல போகுதுல்ல.

இங்க ஹார்ப் பத்தியே பேசுவோம். இதுல மூணு நாலு விஷயம் மனசுல நின்னா போதும், கணக்கு பெரிசா வேண்டாம். நரம்போட நீளத்தப் பாதியாக்கினா சுருதி ஒரு ஸ்தாயி மேல போகும், ஸ மேல் ஸ ஆயிடும். இழுவிசைய நாலு மடங்கு ஆக்கினாத்தான் அதே ஒரு ஸ்தாயி ஏறும், ரெண்டு மடங்கு பத்தாது. நரம்போட தடிமனை ரெண்டு மடங்கு ஆக்கினா ஒரு ஸ்தாயி கீழ எறங்கும். இத 1636லயே மெர்சென்னுங்கற பிரெஞ்சுக்கார பாதிரியார் எழுதி வச்சிட்டார். இதுலேர்ந்து ஒரு வேடிக்கை வருது பாருங்க, ஒரே பொருள்ல செஞ்ச நரம்பு ஒரே நீளத்துல இருந்தா, மெலிசோ தடிமனோ, ரெண்டும் ஏறக்குறைய அதே சுருதியிலதான் அறும். தடிமன் கூட்டி ஏமாத்த முடியாது. அப்ப மேல் ஸ்தாயி வேணும்னா நரம்பு குட்டையாத்தான் இருக்கணும், வேற வழியில்ல.

சரி அப்ப ஒவ்வொரு ஸ்தாயிக்கும் நீளத்த ரெண்டு மடங்கா கூட்டிட்டே போகலாமேன்னா, கச்சேரி ஹார்ப்ல 47 நரம்பு, ஆறரை ஸ்தாயி, மேல இருக்கற கடைசி நரம்பு ஏழெட்டு செ.மீ.தான், அதுலேர்ந்து கணக்குப் போட்டா கீழ் நரம்பு 6 மீட்டரத் தாண்டும், ரெண்டு மாடி வீட்டு உயரம். அதனால கீழப் போகப் போக நீளத்தக் கொறச்சு, அதுக்கு ஈடா எஃகுக் கம்பி மேல செம்பு சுத்தி கனத்தக் கூட்டறாங்க. மேல நைலான், நடுவுல ஆட்டுக் குடல் நரம்பு, கீழ செம்பு சுத்தின கம்பின்னு மூணு பொருள் ஒரே வாத்தியத்துல இருக்கறது இதுக்குத்தான். அந்தக் கழுத்து அன்னப்பறவை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அது யாரோ அழகுக்குப் போட்டதுன்னு நான் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், அது இந்தக் கணக்கு வரைஞ்ச கோடு. அந்த 47 நரம்பும் சேந்து இழுக்கற விசை ஒரு டன்னுக்குக் கிட்ட வரும், முன்னாடி நிக்கற தூண் இல்லாட்டி கழுத்து மடங்கிடும்.

அதனால உங்க கிரகத்து ஆளுங்ககிட்ட என்ன பொருள் இருக்குன்னு முதல்ல கேளுங்க. எடைக்கு எடை எஃகை விட ரொம்ப வலுவான நார் ஏதாவது அவங்ககிட்ட இருந்தா, உயர்ந்த சுருதிக்கும் நீளமான நரம்பு கட்ட முடியும், அப்ப அவங்க ஹார்ப் அன்னம் மாதிரி வளையாது, பெரிய நேர்க்கோட்டு முக்கோணமா நிக்கும். உலோகமே இல்லாத கிரகமா, அப்ப கனமான கம்பி சுத்த முடியாது, கீழ் ஸ்தாயி கிடையாது, சின்ன ஹார்ப்தான். இப்படி ஒரு வரி யோசிச்சாலே உருவம் தானா வேற மாதிரி வந்து நிக்கும்.

தூண் இல்லாமலும் ஹார்ப் உண்டு, அது நமக்கு ரொம்ப நெருக்கம். யாழ் அந்த வகைதான், வில்லு மாதிரி வளைஞ்ச தண்டு, அதுக்குப் பேரு கோடு, கீழ தோல் போத்தின ஒலிப் பெட்டி, அதுக்குப் பேரு பத்தர், நரம்ப இறுக்கறதுக்கு ஆணிக்குப் பதிலா கோட்டைச் சுத்தி வார்க்கட்டு, அதுக்குப் பேரு திவவு. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. நம்மகிட்ட வாத்தியமா அது நின்னு போச்சு, ஆனா பர்மாவுல சவுங்னு இதோட சொந்தக்கார வாத்தியம் 16 நரம்போட இன்னிக்கும் வாசிக்கறாங்க, பழைய முறையில கழுத்தைச் சுத்தின சிவப்புக் கயிறை நகத்தி நகத்தித்தான் சுருதி சேப்பாங்க. திருகாணி, உலோகம் எதுவும் இல்லாத ஒரு நாகரிகத்துக்கு வாத்தியம் வேணும்னா இத விட நல்ல மாடல் கிடையாது. தமிழ்ல எழுதறவங்களுக்கு இன்னொரு லாபம், க்'ஸார்-ட்'ல்னு வாயில நுழையாத பேரெல்லாம் கண்டுபுடிக்க வேணாம், பத்தர், கோடு, திவவுன்னு எடுத்துப் போட்டாலே பாதி பேருக்கு அது வேற கிரகத்து வார்த்தை மாதிரிதான் கேக்கும், கொஞ்சம் வருத்தமான விஷயம்தான்.

அடுத்து காத்து. இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. வேற வாயு இருந்தா ஹார்ப்போட சுருதி மாறிடும்னு எழுதறாங்க, மாறாது. ஹீலியம் நெறஞ்ச அறையில கூடப் பாடறவர் குரல் வாத்து மாதிரி ஆகும், புல்லாங்குழல் எங்கயோ போயிடும், ஆனா நரம்போட சுருதி நீளம், இழுவிசை, கனம் இந்த மூணுலதான் நிக்குது, அதுக்கும் வாயுவுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. மாறறது ஒலிப் பலகைக்குப் பின்னாடி இருக்கற பெட்டி. பெட்டிக்குள்ள இருக்கற காத்து எந்த சுருதிக்குக் கூட முழங்கும்ங்கறது ஒலி வேகத்தப் பொறுத்தது. செவ்வாய்ல 2021லேர்ந்து பெர்சிவரன்ஸ் ரோவர் மைக் வச்சுக் கேட்டுட்டு இருக்கு, அங்க ஒலி வேகம் நொடிக்கு சுமார் 240 மீட்டர், இங்க 343. அப்ப இங்க செஞ்ச ஹார்ப்ப அங்க வெளிய எடுத்துட்டுப் போனா நரம்பு அதே ஸ்வரம் பாடும், பெட்டி மட்டும் கிட்டத்தட்ட அரை ஸ்தாயி கீழ எறங்கி நிக்கும், ரெண்டும் ஒட்டாது. ஒட்டணும்னா பெட்டிய எல்லாப் பக்கமும் 70 சதவீதமா சுருக்கணும். ஆனா அங்க காத்து ரொம்ப மெலிசு, நம்ம காத்தோட அடர்த்தியில அறுபதுல ஒரு பங்கு, சத்தம் ஒரு 20 டெசிபல் கொறஞ்சிடும், அதுக்கு ஈடு கட்டணும்னா பலகை அகலமா வேணும். பெட்டி சின்னது, பலகை பெருசு, அப்ப தட்டையா முறம் மாதிரி ஒரு வாத்தியம். பாத்தீங்களா, செவ்வாய் ஹார்ப் எப்படி இருக்கும்னு நாம வரையவே இல்ல, அதுவே வந்துச்சு.

அந்த ரோவர் இன்னொண்ணும் கண்டுபுடிச்சுது, அங்க 240 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ள ஒலி நொடிக்கு 250 மீட்டர் வேகத்துல போகுது, கீழ உள்ளது 240தான். அப்ப தூரத்துல உக்காந்து கேக்கறவருக்கு மேல் நரம்பு முதல்ல வரும், கீழ் நரம்பு அப்புறம் வரும். 60 மீட்டர்ல 10 மில்லிசெகண்ட் வித்தியாசம்தான், அவ்வளவு தூரத்துக்குச் சத்தமே போகாதுங்கறது வேற விஷயம், கார்பன் டை ஆக்சைடு மேல் சுருதியெல்லாம் வழியிலயே தின்னுடும். ஆனா கதையில ஒரு வரிக்கு இது தங்கம்.

குளிர் இதைவிட மோசம். செவ்வாய்ல பகலுக்கும் ராத்திரிக்கும் 80 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கார்பன் ஃபைபர் ஃபிரேம்ல எஃகுக் கம்பி கட்டினோம்னு வைங்க, பாக்க ஸ்டைலா இருக்கும், ஆனா கார்பன் ஃபைபர் குளிர்ல சுருங்கறது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, எஃகு சுருங்கும். சராசரி இறுக்கத்துல இருக்கற கம்பிக்கு நான் போட்டுப் பாத்த கணக்குல இழுவிசை கால் பங்குக்கு மேல ஏறுது, சுருதி சுத்தமா ஒரு ஸ்வரமே நகருது, சாயங்காலம் ஸ வச்ச கம்பி ராத்திரி ரி பாடும். ஃபிரேமும் எஃகுலயே இருந்தா ரெண்டும் சேந்து சுருங்கும், பிரச்சினையே இல்ல. அதனால செவ்வாய்ல பழைய ஆளுங்க கனமான இரும்பு ஹார்ப்பத் தூக்கிட்டுத் திரியறாங்க, புதுசா வந்தவன் பளபள கார்பன் ஹார்ப்ப வச்சுக்கிட்டு முழிக்கிறான்னு ஒரு சீன் எழுதலாம், யாராவது எழுதுங்க.

வெள்ளி கிரகத்துல 460 டிகிரிக்கு மேல, நைலான் 220-260லயே உருகிடும், குடல் நரம்பு கருகிடும், உலோகம் மட்டும்தான். சனியோட நிலா டைட்டன்ல காத்து நம்மள விட நாலு மடங்கு அடர்த்தி, அதனால சத்தம் நல்லா எடுபடும், ஆனா அந்தக் காத்தே நரம்பச் சீக்கிரம் அடக்கிடும், மைனஸ் 179ல நைலான் கண்ணாடி மாதிரி நொறுங்கும். வெற்றிடத்துல சத்தமே இல்ல, ஆனா ஹெல்மெட்ட ஹார்ப் ஃபிரேம்ல சாச்சு வச்சா அதிர்வு உள்ள வரும், ரெண்டு பேரு தலைய ஒரே வாத்தியத்துல சாச்சு உக்காந்து கேக்கறாங்கன்னா அதுவே ஒரு கதை. இதெல்லாம் வெளிய வாசிச்சாத்தான், குடியிருப்புக்குள்ள நம்ம காத்துதான் இருக்கும். அதனால ஏர்லாக்குக்கு, அதாவது குடியிருப்போட காத்துப் புகாத வாசலுக்கு, எந்தப் பக்கம் வாசிக்கறாங்கங்கறத முதல்ல தீர்மானம் பண்ணுங்க.

எடையில்லாத இடம்னா வேற தொல்லை. கச்சேரி ஹார்ப் 36 கிலோ பக்கம் இருக்கும், வாசிக்கறவர் அதப் பின்னாடி சாச்சு வலது தோள்ல தாங்கிக்குவார். சுற்றுப்பாதையில சாயறதுன்னு ஒண்ணே கிடையாது, ஒவ்வொரு மீட்டலுக்கும் வாத்தியம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம் நகருவாங்க, பெல்ட் போட்டுக் கட்டணும், கால மாட்ட வளையம் வேணும். சர்வதேச விண்வெளி நிலையத்துல கிறிஸ் ஹாட்ஃபீல்ட் கிடார் வாசிச்ச வீடியோ 2013ல வந்துச்சு, கிடார் எப்படி மிதக்குது, அவரு எப்படி உடம்ப வச்சுக்கறாருன்னு பாத்தாலே பாதி பாடம் புரியும்.

ஒளிக் கதிரையே நரம்பா வைக்கற ஐடியாவப் பத்தி ஒரு வார்த்தை. லேசர் ஹார்ப் 1980கள் தொடக்கத்துலயே பெர்னார்ட் ஷைனர் செஞ்சிட்டார், ழான் மிஷெல் ழார்ங்கற பிரெஞ்சு இசைக்கலைஞர் மேடையில வாசிச்சுப் பிரபலமாச்சு. பாக்க பிரமாதம். ஆனா விரலுக்குத் தட்டுப்பட ஒண்ணுமே இல்ல, கதையில ஒரு ஆளு நரம்பைத் தொட்டு எதையோ நெனச்சுக்கறான்னு எழுத முடியாது. எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான்.

கை எத்தனை விரல்னு பாருங்க. பூமியில ஹார்ப் வாசிக்கறவங்க சுண்டு விரலப் பயன்படுத்தறதில்ல, கைக்கு நாலு விரல்தான். எந்த நரம்பு எதுன்னு தெரிய, மேற்கத்திய ஸ்வரப் பேர்ல ஸி நரம்பெல்லாம் சிவப்பு, எஃப் நரம்பெல்லாம் கறுப்பு. கண்ணு தெரியாத இனம்னா நிறத்துக்குப் பதிலா முடிச்சு வைப்பாங்களோ என்னவோ, நீங்க யோசிங்க. ஸ்வரத்துக்கு அந்நியத்தனம் வேணும்னா கன்னாபின்னான்னு சுருதி மாத்த வேணாம், போலன்-பியர்ஸ்னு நிஜமாவே ஒரு ஸ்கேல் இருக்கு, அதுல ஸ்தாயியே கிடையாது, அதிர்வெண் மூணு மடங்காகற இடைவெளிய 13 சமப் படியா பிரிச்சிருக்காங்க. கேட்டா ஒழுங்கா இருக்கற மாதிரியும் இருக்கும், எங்கயோ வீட்டுக்கு வழி தெரியாத மாதிரியும் இருக்கும்.

இப்ப கையில ஒண்ணு செய்வோம். ஆறு நரம்பு போதும், ஏன்னா கிடார் ட்யூனிங் கீ ஆறா ஆறாத்தான் செட்டா கெடைக்குது. நரம்புக்கு மீன் புடிக்கற தூண்டில் நரம்பு, சில ஊர்ல தங்கூஸ்னு கேட்டாத்தான் குடுப்பாங்க, 0.8 மி.மீ. வாங்குங்க. (யாழ்லயும் நரம்பு, தூண்டில்லயும் நரம்பு, நமக்கு ரெண்டுக்கும் ஒரே வார்த்தை.) மோகன ராகம் சுருதி வைப்போம், ஸ ரி க ப த மேல் ஸ. முதல் நரம்பு 50 செ.மீ.ன்னா அடுத்தது 44.4, 40, 33.3, 30, 25. இது மீட்டப் போற நீளம் மட்டும், கீழ முடிச்சுக்கும் மேல சுத்தறதுக்கும் ஒரு சாண் கூட விட்டு வெட்டுங்க. ஒரு சார்ட் பேப்பர்ல கீழ சாய்வா ஒரு கோடு, அதுதான் பலகை, அதுலேர்ந்து ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டு இந்த ஆறு நீளத்தையும் வரைஞ்சு மேல் நுனிகளச் சேத்தீங்கன்னா கழுத்தோட வளைவு கெடைக்கும். த-வுக்கும் ப-வுக்கும் கிட்ட ஒரு சின்ன நெளிவு வரும், அதச் சரி பண்ணி நேராக்கணும்னு கை துறுதுறுக்கும், விட்டுருங்க.

முதல் நரம்ப மத்திய ஸி (பியானோவோட நடுவுல வர்ற ஸி) சுருதியில வச்சா ஒவ்வொரு நரம்பும் சுமார் 4 கிலோ இழுக்கும், ஆறுக்கு 24, அதாவது ஒரு அரிசி சிப்பம் அந்தக் கழுத்துல எப்பவும் தொங்கிட்டே இருக்கு. அதனால கழுத்துக்கும் தூணுக்கும் தேக்கு ரீப்பர், ஒரு இன்ச்சுக்குக் கொறையாம. பெட்டிக்குப் பக்கப் பலகையெல்லாம் 12 மி.மீ. ப்ளைவுட், மேல ஒலிப் பலகைக்கு மட்டும் 3 மி.மீ., அதுக்கு அடியில நடுவுல நீளவாக்குல ஒரு மெல்லிய மரப்பட்டை ஒட்டி அதோட சேத்து ஓட்டை போடுங்க, இல்லாட்டி நரம்பு ப்ளைவுட்ட அறுத்துட்டு வந்துடும். பெட்டியோட முதுகுல கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை கட்டாயம். நான் ஒரு தடவ அத மறந்துட்டு எல்லாத்தையும் ஒட்டி முடிச்சிட்டேன், முடிச்சு போட உள்ள கை போகல. முடிச்சுக்கு அடியில ஒரு பாசிமணி கோத்துக்கோங்க, ஓட்டை வழியா வெளிய வராது. கோந்து காய ஒரு முழு நாள் குடுங்க, அவசரப்பட்டு அன்னிக்கே இறுக்கினா மூலை வாயத் தொறக்கும்.

சுருதி சேக்கும்போது ஒரே நரம்ப முழுசா ஏத்திட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, எல்லாத்தையும் பாதி, அப்புறம் முக்கால், அப்புறம் முழுசு, அப்படித்தான். நைலான் இழுத்துட்டே இருக்கும், ஒரு வாரம் பத்து நாள் தெனமும் சுருதி எறங்கும், உங்க தப்பில்ல.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் அலங்காரம். ஃபோம் ஷீட், ஸ்ப்ரே பெயின்ட் எதுவா இருந்தாலும் தூண், கழுத்து, பக்கம் இதுல மட்டும், ஒலிப் பலகை மேல ஒட்டினா சத்தம் செத்துப் போயிடும். வெளிச்சம் வேணும்னா எல்.இ.டி. சுத்தி வயரோட மல்லுக்கட்ட வேணாம், ஃப்ளூரசன்ட் தூண்டில் நரம்புன்னு மஞ்சளாவும் நீலமாவும் விக்குது, பெட்டியோட உள்பக்க விளிம்புல ஒரு சின்ன யு.வி. எல்.இ.டி. பட்டை ஒட்டி நரம்பு மேல அடிக்கற மாதிரி வச்சீங்கன்னா இருட்டுல நரம்பு மட்டும் தானா எரியற மாதிரி நிக்கும். மீட்டினா ஒவ்வொண்ணும் நடுவுல பொடைச்சு ரெண்டு கோடா தெரியும், அத போட்டோவுல புடிக்க ஷட்டர் ஸ்பீட கொறச்சு வையுங்க, இருபதுல ஒரு செகண்ட் பக்கம் எனக்கு நல்லா வந்துச்சு.